கயிறு இழுக்கப் போன மாப்பிள்ளை

ஜூன் 12, இரவு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டே போனில் ஒரு விளம்பரத்தை மனைவியிடம் காட்டினேன். இங்கிலாந்தில் பழைய மரக்கப்பலில் ஒரு வாரம் பாய்மரப் பயணம். விருந்தாளிதான், ஆனால் சும்மா உட்கார விடமாட்டார்கள். கயிறு இழுக்க வேண்டும், சுக்கான் பிடிக்க வேண்டும், ராத்திரி முறைபோட்டு விழித்திருக்க வேண்டும், சமையலுக்கு உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும். முன் அனுபவம் வேண்டாமாம். ஒரு வாரத்துக்கு நம் காசில் லட்சத்தைத் தாண்டுகிறது. விமான டிக்கெட் தனி.

அவள் கடைசி வரி வரைக்கும் படித்தாள். "காசு குடுத்து வேலை செய்யணுமா? எங்கப்பா லாஞ்சுல அதையே சும்மா செய்யலாமே" என்றாள்.

அவள் பிறந்து வளர்ந்தது காசிமேடு. நான் வேலூர்ப் பக்கம். பாலாற்றிலேயே தண்ணீரைச் சரியாகப் பார்க்காதவன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மாமாவின் படகில் நான் ஏறியது ஒரே ஒரு தடவை, அதுவும் கரையில் கட்டியிருந்தபோது, போட்டோவுக்கு.

மாமாவிடம் போய்க் கேட்டேன். சரி என்றார். அதோடு விட்டிருக்கலாம். விளம்பரம் மனதில் இருந்ததால், "எவ்வளவு ஆகும் மாமா?" என்று கேட்டுவிட்டேன். டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நம்ம போட்டுல ஏற மாப்ள டிக்கெட் எடுக்கணுமா?" அப்புறம் அரை மணி நேரம் என்னிடம் பேசவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் முட்டையிடும் பருவம். அதனால் இப்போது காசிமேடு துறைமுகத்தில் மீன் வாடையைவிட பெயிண்ட் வாடைதான் அதிகம். இன்று காலை மாமாவோடு போனபோது ஒரு படகை இன்னும் கரையில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஆசாரி அதன் வயிற்றுக்குக் கீழே மல்லாந்து படுத்து உளியும் கொட்டாப்புளியுமாகத் தட்டிக்கொண்டிருந்தார். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் பழைய பஞ்சை நோண்டி எடுத்துவிட்டு, முறுக்கிய புதுப் பஞ்சுத் திரியை உள்ளே அடிக்கிறார். கலப்பற்று என்று இதற்குப் பெயர். மேலே பூச அந்தக் காலத்தில் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சுவார்களாம். இப்போது கடையில் வாங்கும் மக்கு. திரி சரியாக இறுகிவிட்டால் தட்டும் சத்தமே மாறுகிறது. முதலில் மொத்தென்று கேட்டது, நாலாவது அடியில் கணீரென்றது. ஆசாரி அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை; காதாலேயே அடுத்த இடுக்குக்குப் போய்விட்டார்.

படகுக்கு முதுகெலும்பு மாதிரி அடியில் ஓடுவது ஏரா. அதிலிருந்து விலா எலும்பு மாதிரி இரண்டு பக்கமும் எழும்புபவை வங்குகள். நேரான மரத்தை வளைப்பதில்லை, வளைந்து வளர்ந்த மரமாகத் தேடி எடுப்பார்கள் என்றார் மாமா. அப்படிப்பட்ட மரம் இப்போது கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாவதில்லை. "புதுசா கட்றவன்லாம் இரும்புக்குப் பூட்டான்."

எங்கள் படகு இரண்டு நாள் முன்பே தண்ணீரில் இறங்கிவிட்டது. எட்டிப் பார்த்தால், உள்ளே அடித்தளத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர்! நான் பதறினேன். மாமா பீடியைப் பற்ற வைத்தபடி, "தண்ணி குடிக்குது மாப்ள. ரெண்டு மாசம் வெயில்ல காஞ்சுதுல்ல. குடிச்சு ஊறிச்சுன்னா பலகைங்களே ஒண்ண ஒண்ணு நெருக்கிக்கும்" என்றார். அதுவரைக்கும்? "அதுவரைக்கும் பம்பு அடிக்கணும். அதான் உங்க வேலை."

ஜூன் 13

இன்று எழுத அதிகம் இல்லை. நாள் முழுக்கச் சுமந்தேன். டீசல் ஆயிரம் லிட்டருக்கு மேல், குடிதண்ணீர் கேன்கள், அரிசி, பருப்பு, கேஸ் சிலிண்டர். ஐஸ் பார்களை மெஷினில் நொறுக்கிப் பெரிய குழாய் வழியாகப் படகின் ஐஸ் அறைக்குள் விடுகிறார்கள். உள்ளே நின்று மண்வெட்டியால் தள்ளுவதற்கு என்னை இறக்கினார்கள். பத்து நிமிஷத்தில் பல் கிடுகிடுத்தது. வெளியே 40 டிகிரி.

டிரைவர் அண்ணன் என்னை 'சார்' என்றே கூப்பிடுகிறார். நான் ஒரு சாக்கைத் தூக்கினால் இரண்டு பேர் ஓடி வந்து பிடுங்கிக்கொள்கிறார்கள். முதலாளி வீட்டு மாப்பிள்ளை! அந்த இங்கிலாந்துக் கப்பலில் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைக்கிறேன்.

மாமியார் ஒரு தூக்குவாளி நிறைய நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும், ஒரு பொட்டலத்தில் உப்புப் போட்ட இஞ்சியும் கொடுத்திருக்கிறார். இஞ்சி எதற்கென்று கேட்டதற்குச் சிரித்தார்.

ஜூன் 14, இரவு 10 மணி

மாலையில் பூஜை. படகின் முகப்பில் (அணியம் என்று சொல்ல வேண்டும், திருத்தினார்கள்) மஞ்சள் குங்குமம், மாலை, கற்பூரம் வைத்த பூசணிக்காய். எங்கள் ஆட்கள் எட்டுப் பேரில் இரண்டு பேர் காலையிலேயே ராயபுரம் புனித ராயப்பர் கோயிலுக்குப் போய் வந்துவிட்டார்கள். பேதுருவுக்குத் தமிழில் ராயப்பர். அவர் பெயரால்தான் ஊரே ராயபுரம் ஆனது. பேதுரு மீனவர், கோயிலைக் கட்டியவர்கள் படகுக்காரர்கள். அவர்களும் வந்து பூசணிக்காய்க்கு முன்னால் கை கூப்பினார்கள். திருநீறு வைக்க வந்த பெரியவர் அவர்களைத் தாண்டிப் போகவில்லை, அவர்களும் நெற்றியைத் திருப்பிக்கொள்ளவில்லை.

12 மணி அடித்ததும் கிளம்புகிறோம். துறைமுக வாயில் குறுகல். நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே நேரத்தில் என்ஜினைப் போட்டுக் காத்திருக்கின்றன. புகையில் கண் எரிகிறது. பம்பு மூன்று தடவை ஓட்டிவிட்டேன். மின்சாரப் பம்பு ஒன்று உண்டு. ஆனால் மரத்தூளும் பஞ்சும் வந்து அடைத்துக்கொள்கிறது. அப்போது கைப்பம்புதான். 200 அடி அடித்தால் தரை தெரியும்.

டவர் எப்போது போகும் என்று தெரியவில்லை. மீதியைக் கரைக்கு வந்து போடுகிறேன்.

ஜூன் 15 (கரைக்கு வந்தபின் எழுதியது)

வெளியே வந்ததும் முதலில் திரும்பிப் பார்த்தேன். கரையிலிருந்து நாம் பார்க்கும் வடசென்னை வேறு. கடலிலிருந்து பார்த்தால் அது நீளமான ஒரு கருங்கல் கோடு. கல்லுக்குப் பின்னால் விளக்குகள், வடக்கே வடசென்னை அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்கு. அந்தக் கற்களுக்கு ஒரு கதை இருக்கிறது. இந்தக் கடற்கரையில் மணல் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டினார்கள். (1881 நவம்பர் புயல் அதை ஒரு தடவை இடித்தும் போட்டது.) தெற்கே தடுக்கப்பட்ட மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் கடல் ஊருக்குள் வந்தது; அதைத் தடுக்கப் போட்டவைதான் இந்தக் கற்கள். மெரினாவில் சுண்டல் தின்பவர்கள் உட்கார்ந்திருப்பது ராயபுரத்துக்கு வரவேண்டிய மணலில். "எங்க ஆயா வூடு இருந்த எடம் தெரியுதா?" என்று மச்சான் கையை நீட்டினான். அவன் காட்டிய இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது.

துறைமுகம் இல்லாத காலத்தில் இங்கே கப்பல்கள் தூரத்திலேயே நின்றுவிடும். இறங்குபவர்களை மசுலா படகில் ஏற்றி, அலை தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மசுலாவில் ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் உடையாது, நெளிந்து கொடுக்கும். கவர்னரானாலும் சரி குமாஸ்தாவானாலும் சரி, மதராஸில் கால் வைக்கும்போது தொப்பலாக நனைந்துதான் வைத்திருக்க வேண்டும்.

ஒரு மணி வாக்கில் டிரைவர் அண்ணன் சுக்கானை என்னிடம் கொடுத்தார். "வடக்க புடிச்சுக்கினே போங்க சார், கொஞ்சம் கண்ண மூடிக்கிறேன்." ஜிபிஎஸ் திரையில் போகவேண்டிய கோடு நேராக இருந்தது. நாங்கள் போன கோடு பாம்பாட்டம் ஆடியது. இடது பக்கம் போகிறது என்று வலது பக்கம் திருப்புவேன், படகு யோசித்துவிட்டுத் திரும்பும், அதற்குள் நான் இன்னும் கொஞ்சம் திருப்பியிருப்பேன். பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் (எழுபதை நெருங்கியவர், எல்லாரும் நைனா என்கிறார்கள்) கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, கோலம் போட்றியா? அந்த டப்பாவ பாக்காத. தூரத்துல ஒண்ண புடிச்சி வெச்சிக்க."

"எதைப் பிடிக்கிறது நைனா? இருட்டா இருக்கே."

அணியத்துக்கு நேர்மேலே, அடிவானத்திலிருந்து கொஞ்சம் உயரத்தில் மங்கலாக ஒரு நட்சத்திரத்தைக் காட்டினார். துருவ நட்சத்திரம். சென்னையிலிருந்து அது 13 பாகை உயரத்தில்தான் தெரியும். வடக்கே போகப் போக ஏறும், தெற்கே போனால் இறங்கும். சோழமண்டலக் கரையின் பழைய மாலுமிகளிடம் ராப்பலகை என்று ஒன்று இருந்தது. சின்னப் பலகை, அதன் நடுவில் முடிச்சுகள் போட்ட கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்து, பலகையின் கீழ் விளிம்பை அடிவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்தி, எந்த முடிச்சு என்று பார்த்தால் எந்த ஊருக்கு நேராக இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். நைனாவிடம் இதைச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதில்லை. "பல்லு இருக்கணுமே" என்றார்.

நட்சத்திரத்தைப் பிடித்தபின் கோடு நேரானது. முழுக்க இல்லை. சரி, ஓரளவுக்கு.

வாந்தி விடியற்காலை நாலரைக்கு ஆரம்பித்தது. அதைப் பற்றி விவரிக்கப் போவதில்லை. இஞ்சி எதற்கென்று தெரிந்தது, ஆனால் அது உள்ளே தங்க வேண்டுமே. எந்த நேரத்திலும் யாரும் கிண்டல் செய்யவில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை பம்பு அடிக்கும் வேலையையும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. வாந்தி, பம்பு, வாந்தி, பம்பு. கீழே குனிந்தால் டீசல் வாடை.

முதல் பாடு 30 பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில். வலையை இறக்கி, இரண்டு பக்கமும் வயர் விட்டு, மூன்று மணி நேரம் நடக்கிற வேகத்தில் இழுத்துக்கொண்டே போவது. வலையின் வாயை விரித்து வைப்பவை இரண்டு கனமான பலகைகள். தண்ணீர் தள்ளும் தள்ளில் ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமும் விலகும். அந்த விளம்பரத்துக் கப்பல்களின் பூர்வீகமும் இதுதான். பிரிக்ஸ்ஹாம் என்ற ஊரின் இழுவலைப் படகுகள். லீடர் என்று ஒன்று 1892இல் கட்டியது, ப்ராவிடென்ட் 1924இல். என்ஜினே இல்லாமல், பாயில் வாங்கும் காற்றின் பலத்தில் மட்டும் கடலடியில் வலையை இழுத்திருக்கிறார்கள். பின்னாளில்தான் மீனுக்குப் பதில் விடுமுறைக்காரர்களை ஏற்றினார்கள்.

வின்ச்சு சுற்றி வலை மேலே வரும்போதுதான் அது நடந்தது. சரியாகப் பார்க்கவேண்டும் என்று முன்னால் போய், தடுமாறி, ஓடிக்கொண்டிருந்த வயருக்குப் பக்கத்தில் கையை ஊன்றினேன்.

"டேய்! கைய எட்றா!"

டிரைவர் அண்ணன். பிடரியில் ஒரு கை விழுந்து என்னைப் பின்னால் இழுத்தது; அது யாருடையது என்று இன்றுவரை தெரியாது. அந்த வயர் விரலைக் கேட்டுக்கொண்டு எடுப்பதில்லை. மச்சானின் நண்பன் ஒருவனுக்கு இடது கையில் மூன்று விரல்தான்.

அதற்கப்புறம் டிரைவர் அண்ணன் என்னைச் சார் என்று கூப்பிடவில்லை.

மடியை (வலையின் கடைசியில் மீன் சேரும் பையை) அவிழ்த்துத் தளத்தில் கொட்டியதும் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பிரித்தார்கள். சங்கரா, நவரை, கிழங்கான், தும்பிலி, கடம்பா, கொஞ்சம் இறால், கூடவே பெயர் கேட்டாலும் "கழிசல்" என்று மட்டும் பதில் வருகிற சின்னச் சின்ன மீன்கள். குவியலில் பாதி அதுதான். மீன் தூளுக்குப் போகும். விரல் நீளத்துக்குச் சங்கராக் குஞ்சுகளும் அதில் கிடந்தன. 61 நாள் ஓய்வு கொடுத்துவிட்டு முதல் நாளே குஞ்சையும் வழிக்கிறோமே என்று எனக்குப் பட்டது. மச்சானிடம் சொன்னேன். "உனக்குப் பட்றது எங்களுக்குப் படாதா? பக்கத்து லாஞ்சுக்காரன் வழிக்கிறான், நான் வுட்டா அவன் எடுத்துக்குவான்" என்றான். சொல்லிவிட்டு வேகமாகப் பிரிக்க ஆரம்பித்தான். நானும் அந்தப் பேச்சை அங்கேயே விட்டேன்.

ஜூன் 16

வாந்தி நின்றது. காலையில் பழைய சோறும் தொக்கும் சாப்பிட்டேன். இதுவரை நான் சாப்பிட்டதிலேயே நல்ல சாப்பாடு.

மதியம் என்ஜின் பெல்ட் அறுந்தது. மாற்று பெல்ட் இருந்தது. முக்கால் மணி நேர வேலைதான். ஆனால் என்ஜின் நின்றதும் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிப் படுத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருள ஆரம்பித்தது. பாத்திரங்கள் ஓடின. என் வயிறும் ஓடப் பார்த்தது.

நைனா மட்டும் கம்பத்தில் சாய்ந்தபடி, "ஒரு பாய் இருந்தா இப்டி ஆடாது" என்றார். ஒரு துண்டுப் பாய் ஏற்றியிருந்தாலே போதும், காற்று அதைப் பிடித்துப் படகை ஒரு பக்கம் அழுத்தி வைத்திருக்கும், உருளல் பாதியாகிவிடும். என்ஜின் வந்தபின் படகுகள் வேகமாயின, ஆட்டம் நிற்கவில்லை.

அவர் கட்டுமரத்தில் தொடங்கியவர். விடியுமுன் கரைக்காற்று வெளியே தள்ளும், பாயை விரித்தால் போதும். மதியத்துக்குமேல் கடல்காற்று திரும்பக் கூட்டி வந்துவிடும். கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் உலர்த்துவார்கள். ஊறிப்போனால் மரம் கனத்துவிடும். (எங்கள் லாஞ்சு ஊறினால்தான் ஒழுகாது, கட்டுமரம் ஊறினால் உதவாது!) பாய் பருத்தித் துணி. மக்காமல் இருக்க அவர் அப்பா மரப்பட்டை, காய் எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்த சாற்றில் முக்குவாராம். "செவந்து பூடும். கை ஒரு வாரம் கறை போகாது."

இங்கிலாந்து மீனவர்களின் பாயும் அதே செம்பழுப்பு நிறம்தான். அவர்களும் ஓக் மரப்பட்டையில் முக்கினார்கள். பிறகு இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் காசுக்கட்டி வரவழைத்து அதில் முக்கினார்கள். வெற்றிலையோடு சேர்த்து மெல்லுகிற அதே காசுக்கட்டி. நைனாவிடம் சொன்னபோது இதை மட்டும் நம்பவேயில்லை. மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிக்கொண்டார்.

"பாய் ஏத்துனா எப்டி இருக்கும் நைனா?"

"சத்தம் இருக்காது."

அவ்வளவுதான் சொன்னார். பெல்ட் போட்டு என்ஜின் மறுபடி கத்தியது.

மாலையில் மேற்கே கறுத்து, சில நிமிஷம் பேய்க்காற்றும் மழையும். எல்லாரும் தளத்தில் சோப்புப் போட்டுக் குளித்தோம்.

பம்பு: நேற்று இரண்டு மணிக்கு ஒருமுறை 200 அடி. இன்று காலை 120. இரவு பத்து மணிக்கு 40.

ஜூன் 17

தடைக்காலம் முடிந்த முதல் வாரத்தில் மீனுக்கு விலை இருக்கும், நாள் ஓட்டாமல் சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று முடிவானது. நடு இரவில் எண்ணூருக்கு நேரே, துறைமுகத்துக்குள் இடம் கிடைக்கக் காத்து நிற்கும் சரக்குக் கப்பல்களுக்கு நடுவே வந்தோம். ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம். 2017 ஜனவரி 28 அன்று இந்தக் கடலில்தான் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் ஒதுங்கியதை வாளியால் அள்ளியவர்களில் மச்சானும் ஒருவன். "தலைக்குச் சீயக்கா போட்டும் போவல" என்கிறான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய். அதைப் பற்றி அவன் பேசவே தயாராக இல்லை.

மூன்று மணிக்குக் காசிமேடு. ஏலம் அப்போதே சூடு பிடித்திருந்தது. கூடைகள், தலைக்கு மேலே கூடைகள், "வழி வுடு, வழி வுடு". நான் ஒரு கூடையைத் தூக்கினேன். இந்தத் தடவை யாரும் பிடுங்க வரவில்லை. சங்கரா நல்ல விலைக்குப் போனது, கடம்பா எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

கணக்கு முடிக்க ஏழு மணி ஆனது. டீசல், ஐஸ், சாமான் செலவு கழித்து, படகுக்கு ஒரு பங்கு, மீதி ஆட்களுக்கு. டிரைவர் அண்ணன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டே வந்து என் முன்னால் 300 ரூபாயை நீட்டினார். முழுப் பங்கு இல்லை, பேட்டா. கூடவே குழம்புக்கு ஒரு பாலிதீன் பை நவரை.

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "வேணாம்ணே, நான் சும்மா வந்தவன்."

"பம்பு அட்ச்சியா இல்லியா?"

"அடிச்சேன்."

"அப்ப வாங்கிக்க. வேல செஞ்சவன் கை சும்மா எறங்குனா போட்டுக்கு ஆவாது."

மாமாவைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் மருந்துக் கடையில், பம்புப் பிடியில் உரிந்துபோன உள்ளங்கைக்கு ஒரு களிம்பு வாங்கினேன். 85 ரூபாய். மீதி 215 சட்டைப்பையில் இருக்கிறது, மீன் வாடையோடு. நவரையை மாமியார் ஆய்ந்துகொண்டிருக்கிறார். கட்டில் ஆடுகிறது.